ஏசி பில்லை வருமான வரியில் எங்கே காட்டுவது?

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எனக்கு மவுசு கூடிவிடும். நான் ஆடிட்டர் இல்லை. வருமான வரிப் படிவத்தைப் பார்த்து மிரளாதவன், அவ்வளவுதான். அந்த ஒரு தகுதிக்காகவே நாலைந்து வீட்டுக் கணக்கு என் மேசைக்கு வந்துவிடும். போன ஜூலையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தடித்த ஃபைலோடு வந்தார். தாம்பரம் பக்கம் அவருக்கு ஒரு வீடு உண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறார். ஃபைலைத் திறந்தால் இரண்டு ஏசி, ஒரு வாஷிங் மெஷின், போர்வெல்லை ஆழப்படுத்திய கூலி, சமையலறை மரவேலை, பழைய ஒயரிங்கைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டது என்று வரிசையாகப் பில்கள்.

"மொத்தம் மூணே கால் லட்சம் ஆயிடுச்சு தம்பி. வருஷ வாடகையே மூணு லட்சம்தான். அப்போ இந்த வருஷம் வாடகைக்கு வரியே வராதுல்ல?"

"வரும் டீச்சர். இந்தப் பில்லில் ஒன்றைக்கூட வாடகையில் கழிக்க முடியாது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. டீச்சர் நினைத்தது முட்டாள்தனம் இல்லை. 'வருமானம் ஈட்டச் செய்த செலவைக் கழிக்கலாம்' என்பது எல்லோர் காதிலும் விழுந்த விதி. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கடைக்காரர் கணக்கு வேறு, வீட்டுக்காரர் கணக்கு வேறு

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். முறையாகக் கணக்கு எழுதுபவர் என்றால், பேப்பர், மை, கரண்ட் பில், பையனின் சம்பளம் எல்லாவற்றையும் வரவிலிருந்து கழித்து, மிச்சத்துக்குத்தான் வரி கட்டுவார். ஜெராக்ஸ் மெஷின் வாங்கிய செலவை மட்டும் ஒரே வருடத்தில் கழிக்க விடமாட்டார்கள். அது பல வருடம் உழைக்கும் பொருள். அதன் விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் சேர்ப்பார். இதற்குப் பெயர் தேய்மானம். புது பைக்கை ஷோரூமை விட்டு வெளியே எடுத்த நிமிடமே விலை இறங்குகிறதே, அந்த இறக்கத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு வாடகை அந்தக் குடும்பத்தில் சேராது. இந்திய வருமான வரிச் சட்டம் வருமானத்தை ஐந்து தலைப்புகளாகப் பிரிக்கிறது: சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், பிற வழிகள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதைக் கழிக்கலாம் என்ற பட்டியல் தனி. கடைக்காரர் பட்டியல் நீளமானது. வீட்டுச் சொத்துக்கான பட்டியலைக் கைவிரலில் எண்ணிவிடலாம். முதலில், உரிமையாளர் அந்த வருடம் உண்மையிலேயே கட்டிய சொத்து வரி. அப்புறம் முப்பது சதவீதம். அப்புறம் வீட்டுக் கடனுக்கான வட்டி. முடிந்தது.

முப்பது சதவீதம் என்கிற பேட்டா

வெளியூர் போகும் டிரைவருக்கு முதலாளி நாளுக்கு இத்தனை ரூபாய் என்று பேட்டா கொடுக்கிறார். டிரைவர் மூன்று வேளையும் பிரியாணி சாப்பிட்டாலும் சரி, டீயும் பன்னும் தின்று சமாளித்தாலும் சரி, பேட்டா மாறாது. முதலாளி பில் கேட்க மாட்டார். அதேபோல, 'கூடுதலாகச் செலவாகிவிட்டது, மேலே கொடுங்கள்' என்று டிரைவரும் கேட்க முடியாது.

வாடகை வீட்டுக்குச் சட்டம் கொடுக்கும் பேட்டாதான் அந்த முப்பது சதவீதம். சட்ட மொழியில் நிலையான கழிவு. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, புரோக்கர் கமிஷன், வீட்டுக் காப்பீடு, மோட்டார் ரிப்பேர், ஏசி, கீசர், இன்வெர்ட்டர் என எல்லாம் அதற்குள் அடக்கம் என்று வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு ரூபாய் செலவு செய்யாதவருக்கும் முப்பது சதவீதம் உண்டு. வாடகைக்கு மேலேயே செலவு செய்த டீச்சருக்கும் அதே முப்பதுதான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. முன்பு பழுதுபார்ப்புக்கு ஒரு பங்கு, காப்பீட்டு பிரீமியத்துக்குத் தனியாக என்று உருப்படி உருப்படியாகக் கழிவுகள் இருந்தன. 2001ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அவற்றைச் சுருட்டி, முப்பது சதவீதம் என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 24ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த முப்பது அப்படியே இருக்கிறது. வரி கட்டுபவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் உண்டு.

என்னைக் கேட்டால் இது மோசமான ஏற்பாடு இல்லை. பெரும்பாலான வருடங்களில் வாடகை வீட்டுக்கு நாம் முப்பது சதவீதம் செலவழிப்பதே கிடையாது. பெரிய வேலை எடுத்துச் செய்யும் ஒரு வருடத்தில்தான் கடிக்கும்.

டீச்சரின் கணக்கு

மாத வாடகை 25,000. வருடத்துக்கு 3,00,000. சொத்து வரியாக டீச்சர் கட்டியது 12,000. கழித்தால் 2,88,000. இதற்குப் பெயர் ஆண்டு மதிப்பு. முப்பது சதவீதத்தை இந்தத் தொகையின் மேல்தான் போட வேண்டும். மொத்த வாடகையின் மேல் போடுவது பலரும் செய்யும் தப்பு. 2,88,000இல் முப்பது சதவீதம் 86,400. மிச்சம் 2,01,600. இது அவருடைய ஓய்வூதியத்தோடு சேர்ந்து, மொத்தத்துக்கு வரி.

சொத்து வரியில் ஒரு சின்ன நுணுக்கம். பாக்கி வைத்திருந்தால் கழிவு இல்லை. எந்த வருடம் கட்டினீர்களோ அந்த வருடம்தான். குடியிருப்பவர் கட்டினால் உரிமையாளருக்குக் கழிவு இல்லை.

ஏசி போட்ட தைரியத்தில் டீச்சர் வாடகையை 28,000 ஆக்குகிறார் என்று வைப்போம். வருடத்துக்கு 36,000 கூடுதல். சொத்து வரி மாறவில்லை என்றால் ஆண்டு மதிப்பு 3,24,000 ஆகும். முப்பது சதவீதம் 97,200 ஆகும். பேட்டாவும் 10,800 கூடிவிட்டது. ஏசி பில்லுக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காவிட்டாலும், ஏசியால் ஏறிய வாடகையில் முப்பது சதவீதத்துக்கு வரி இல்லை. இதுதான் அந்தப் பில்லுக்குச் சட்டம் காட்டும் சுற்றுவழி மரியாதை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாடகையிலிருந்து சொத்து வரி போகும், மீதியில் முப்பது சதவீதம் பில் இல்லாமலே போகும், பொருளும் பழுதும் தனியாகப் போகாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

பாதி, யூடியூபிலிருந்து. அமெரிக்காவில் வாடகை வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் தேய்மானம் தருகிறது. குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் பரப்பிக் கழிக்கலாம். ஃபிரிட்ஜ், அடுப்பு, தரைவிரிப்பு போன்றவற்றுக்கு ஐந்தாண்டுக் கணக்கு. பழுதுபார்த்த செலவை அந்த வருடமே கழிக்கலாம். ஆனால் முப்பது சதவீதப் பேட்டா அங்கே இல்லை; எல்லாம் பில்லை வைத்துத்தான். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து 'தேய்மானமும் வேண்டும், முப்பதும் வேண்டும்' என்றால், பேட்டாவையும் வாங்கிக்கொண்டு ஹோட்டல் பில்லையும் நீட்டுகிற கதை.

மீதிப் பாதிக்கு உள்ளூரிலேயே காரணம் உண்டு. வாடகை விடுவதையே தொழிலாகக் காட்டி, அதைத் தொழில் வருமானம் என்ற தலைப்பில் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். அங்கே போனால் கடைக்காரர் பட்டியல் முழுக்கக் கிடைக்கும். சொத்துகளை வாடகைக்கு விடுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில், அது தொழில் வருமானம்தான் என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வரி உலகில் 'சென்னை பிராப்பர்ட்டீஸ்' வழக்கு என்றால் தெரியாதவர் இல்லை. நிறுவனத்துக்குச் சொன்னதைத் தங்கள் மாடிப் போர்ஷனுக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் ஏராளம். 2024 ஜூலை பட்ஜெட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டால் அது வீட்டுச் சொத்து என்ற தலைப்பில்தான் வரும், தொழில் தலைப்பில் காட்ட முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2024-25 நிதியாண்டு வருமானத்திலிருந்து இதுதான் நிலைமை. கடைக்கும் அலுவலகத்துக்கும் விட்ட கட்டடங்கள் இந்தத் திருத்தத்தில் வரவில்லை. அது வேறு கதை.

கடன் வாங்கிச் செய்த வேலை

முப்பதுக்கு வெளியே தனியாகக் கிடைப்பது வட்டி மட்டும். வீடு வாங்க, கட்ட மட்டும் இல்லை. பழுதுபார்க்க, புதுப்பிக்க, திருப்பிக் கட்ட வாங்கிய கடனின் வட்டியும் செல்லும். டீச்சர் ஒயரிங்கையும் போர்வெல்லையும் கைக்காசில் செய்யாமல் நாலு லட்சம் கடன் வாங்கிச் செய்திருந்து, அந்த வருடம் 40,000 வட்டி ஆகியிருந்தால், 2,01,600இலிருந்து அந்த 40,000 முழுதாகக் கழிந்திருக்கும். அசலுக்கு ஒன்றும் இல்லை. வீடு வாங்க, கட்ட வாங்கிய கடனின் அசலுக்குக் கிடைக்கும் 80சி சலுகையும் புதுப்பித்தல் வேலைக்கு இல்லை.

கடன் வங்கியில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மைத்துனரிடம் வாங்கினாலும், அது உண்மையான கடனாக, எழுத்தில் இருந்து, வட்டி வங்கி வழியாகப் போயிருந்தால் செல்லும். மைத்துனர் அந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. ஆனால் ஷோரூமில் ஏசியை மாதத் தவணையில் எடுத்ததற்கான வட்டியை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். சட்டம் பேசுவது வீட்டைப் புதுப்பித்த கடனைப் பற்றி. ஏசி என்பது கழற்றி எடுத்துப்போகும் பொருள்.

வட்டி அதிகமாகி, வாடகைத் தலைப்பில் நஷ்டம் வந்தால்? பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தை, வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை, சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அது முடியாது.

பொருளுக்குத் தனி வாடகை

இங்கேதான் ஏசி பில்லுக்கு உண்மையிலேயே ஓர் இடம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ அதன் லாபத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு வாடகை, வீட்டில் இருக்கும் பொருள்களுக்கு ஒரு வாடகை என்று இரண்டாகப் பிரித்து ஒப்பந்தம் போடலாம். பந்தல்காரர் நாற்காலியை வாடகைக்கு விடுகிற மாதிரி, நீங்கள் ஏசியையும் ஃபிரிட்ஜையும் வாடகைக்கு விடுகிறீர்கள். வீட்டு வாடகை வீட்டுச் சொத்துத் தலைப்பில் போகும். பொருள் வாடகை 'பிற வழிகள்' தலைப்பில் போகும். அந்தத் தலைப்பில் முப்பது சதவீதம் கிடையாது. அதற்குப் பதில் பொருளின் பழுது, காப்பீடு, தேய்மானம் மூன்றும் உண்டு. இயந்திர வகைக்குப் பொதுவாக வருடம் 15 சதவீதம், மர அறைகலன்களுக்கும் மின் பொருத்துதல்களுக்கும் 10 சதவீதம். ஒவ்வொரு வருடமும் மீதமுள்ள மதிப்பின் மேல் போட வேண்டும். முதல் வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25,000 வாடகையில் 5,000 பொருளுக்கு என்று பிரிக்கிறோம். வருடத்துக்கு 60,000. பொருள்களின் விலை 1,50,000. எல்லாம் 15 சதவீத வகை. வருடத்துக்கு 4,000 சர்வீஸ் செலவு.

முதல் வருடம் தேய்மானம் 22,500. சர்வீஸோடு சேர்த்து 26,500 கழிகிறது. பிரிக்காமலே இருந்திருந்தால் அந்த 60,000க்கு முப்பது சதவீதமாக 18,000 கழிந்திருக்கும். ஆகப் பிரித்ததில் 8,500க்கு வரி மிச்சம். இருபது சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு 1,700 ரூபாய்.

இரண்டாம் வருடம் மீதி மதிப்பு 1,27,500. தேய்மானம் 19,125. மூன்றாம் வருடம் 16,256. நான்காம் வருடம் 13,818. அதோடு 4,000 சேர்த்தால் 17,818. பிரிக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் 18,000ஐ விட இது குறைவு! நாலாவது வருடமே பேட்டா ஜெயித்துவிட்டது. புதுப் பொருள் வாங்கிப் போடாத வரை அதற்கு மேல் நஷ்டம்தான்.

அதாவது விலை உயர்ந்த பொருள்கள் நிறைய வைத்து, பொருள் வாடகையைக் குறைவாக வைப்பவர்களுக்கு இந்த வழி பயன்படும். இரண்டு ஏசிக்காக இரண்டு ஒப்பந்தம், தனிக் கணக்கு என்று அலைவது என் பார்வையில் வீண் வேலை. 'வீட்டுக்கு 5,000, பொருளுக்கு 20,000' என்று தலைகீழாகப் பிரிப்பவர்களும் உண்டு. கேள்வி வந்தால் அது நிற்காது.

பிரிக்கவே முடியாதபடி கட்டடமும் பொருளும் ஒன்றாக வாடகைக்குப் போனால் மொத்தமும் 'பிற வழிகள்' தலைப்புக்குப் போய்விடும். ஹோட்டல் நடத்துவதற்காக அறைகலன்களோடு சேர்த்து விடப்பட்ட கட்டடம் பற்றிய சுல்தான் பிரதர்ஸ் வழக்கில், 1964இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை வைத்தது. இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே அனுபவிக்க வேண்டும் என்பது இரு தரப்பின் எண்ணமா என்று பார்க்கிறார்கள். ஹாலில் ஒரு சோபா கிடப்பதால் சாதாரணக் குடும்ப வீடு இந்த வகையில் சேர்ந்துவிடாது.

இந்தப் பகுதியின் சாரம்: பொருளுக்குத் தனி வாடகை வாங்கினால் பொருளின் பில் செல்லும், ஆனால் அந்தப் பங்குக்கு முப்பது போய்விடும்.

தூர்வாருவதும் ஆழப்படுத்துவதும்

சரி, டீச்சரின் மீதிப் பில்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. அவற்றுக்கு வேலை வரும். வீட்டை விற்கும் நாளில்.

விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் மூலதன ஆதாயம். வாங்கிய விலையோடு, நடுவில் வீட்டில் நிரந்தரமாகச் சேர்த்ததற்கான செலவையும் கூட்டிக்கொள்ளலாம். அது மேம்பாட்டுச் செலவு. பழுதுபார்ப்பு இதில் வராது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிணறுதான். தூர்வாரினால் கிணறு பழைய நிலைக்கு வந்தது; அது பழுதுபார்ப்பு. இன்னும் இருபது அடி ஆழம் வெட்டினால் கிணறு முன்பு இல்லாத ஒன்றாக ஆனது, அது மேம்பாடு. வெள்ளையடிப்பு, உடைந்த கூரை ஓட்டை மாற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது முதல் வகை. மாடி எழுப்புவது, புது போர்வெல், லிஃப்ட், சுற்றுச்சுவர், சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரி இரண்டாம் வகை. ஒயரிங் இரண்டுக்கும் நடுவே நிற்கும். நாலு இடத்தில் ஒட்டுப் போட்டால் பழுது. வீடு முழுக்க மும்முனை இணைப்புக்கு ஏற்ப மாற்றினால் மேம்பாடு என்று சொல்ல இடமிருக்கிறது. ஏசியும் வாஷிங் மெஷினும் இரண்டிலும் இல்லை. அவை வீட்டோடு விற்கப்படும் பாகமே இல்லை.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது? ஒருவர் 2012இல் 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டில், 2019இல் 15 லட்சத்துக்கு மாடி எழுப்பி, இப்போது 1.10 கோடிக்கு விற்கிறார். மாடி கட்டிய பில்கள் இருந்தால் ஆதாயம் 55 லட்சம். இல்லாவிட்டால் 70 லட்சம். 12.5 சதவீத வரி என்றால் 15 லட்சத்துக்கு 1,87,500 ரூபாய் வித்தியாசம், வரியின் மேல் போடும் செஸ் தனி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், பணவீக்கத்துக்கு ஏற்ப விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அங்கேயும் பில் வேண்டும்.

பில் என்று எதைச் சொல்கிறேன்? ஜிஎஸ்டி எண்ணுள்ள கடைப் பில், ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட ரசீது, பணம் வங்கி வழியாகப் போனதற்கான பதிவு. கொத்தனாருக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை கையில் கொடுத்த காசு பத்து வருடம் கழித்துக் காற்றில் போய்விடும். கடைப் பில்லில் இருக்கும் எழுத்தும் போய்விடும். அந்த வெப்பக் காகிதத்தில் இரண்டு கோடைக்கு மேல் எதுவும் நிற்பதில்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரின் ஃபைலை அன்று மூன்றாகப் பிரித்தோம். போர்வெல், மரவேலை, ஒயரிங் பில்கள் வீட்டுப் பத்திரம் இருக்கும் பையில் போயின. ஏசியும் வாஷிங் மெஷினும் வாரண்டி அட்டையோடு சேர்ந்து சமையலறை டிராயருக்கு. வரிப் படிவத்துக்கென்று மேசையில் மிஞ்சியது ஒரே தாள், சொத்து வரி ரசீது. "இதுக்கா இவ்வளவு பெரிய ஃபைலைத் தூக்கிட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, காலி ஃபைலை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.